கயிறு பிடிக்கிறவர்

தேரிக்காட்டின் ஓரத்தில் ததேயு சாமியின் மடம் இருந்தது. சில ஓலைக் குடில்கள், ஒரு சிறு கோவில், ஒரு கிணறு. சுற்றிலும் சிவப்பு மணல்.

சீடராகச் சேர வருகிறவர்கள் வந்த அன்றே எதையாவது கேட்பார்கள். எப்படிச் செபிப்பது, எத்தனை நாள் ஒருசந்தி நோன்பு இருப்பது என்று. கஸ்பார் வந்தபோது அப்படி எதுவும் கேட்கவில்லை.

"கிணத்து வேலை மட்டும் தராதீங்க சாமி. வேற எது சொன்னாலும் செய்யுறேன்," என்றார்.

சாமி அவரைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், சாமியைவிட மூத்தவர். தோளையும் நெஞ்சையும் பார்த்தால் கடலில் கிடந்த உடம்பு என்று யாரும் சொல்லிவிடலாம். கண்கள் மட்டும் அந்த உடம்புக்குச் சேராதவை. ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருந்தன.

"சரி. விறகு வெட்டும்," என்றார் சாமி.

கஸ்பார் விறகு வெட்டினார், அடுப்பு எரித்தார், கோவிலைக் கூட்டினார். ஆனால் அவர் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் வெகுதூரம் நடந்து ஊருணிக்குப் போனார். பக்கத்திலேயே கிணறு இருந்தது. வாளியும் கயிறும் உருளையில் தொங்கின.

மடத்தில் இருந்த இன்னொரு சீடர் எஸ்தாக்கி. சாமியோடு பல வருடமாக இருப்பவர், கஸ்பாரைவிட இளையவர், எதையும் பட்டென்று கேட்கிற ஆள். அவர் இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் சாமியிடம் சொன்னார்.

"சாமி, கஸ்பார் அண்ணன் கயித்தைத் தொடவே மாட்டேங்கிறாரு. ஆட்டைக்கூட அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே நடக்கிறாரு. பிடிச்சுக் கட்டறதில்ல."

"தெரியும்," என்றார் சாமி.

அவருக்குத் தெரிந்திருந்தது. கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

கஸ்பார் சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிக்கிறவராக இருந்தார். கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் மறுநொடி இழுக்க வேண்டும். அதனால் இறங்குகிறவர்கள் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க எவன் சம்மதிப்பான் என்பது கணக்கு.

கஸ்பார் தன் தங்கை இஞ்ஞாசியம்மாளின் புருஷன் தொபியாசுக்குக் கயிறு பிடித்தார். வருடக்கணக்காகப் பிடித்தார். ஒரு பிசகு வந்ததில்லை.

ஒருநாள் தொபியாஸ் கீழே இருந்தபோது தோணிக்கு அடியில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. தோணி அகலத்துக்கு இருந்தது. அதே நேரம் கயிறு சுண்டியது. வழக்கமாகச் சுண்டுவது மாதிரி இல்லை. கஸ்பாரையே கடலுக்குள் இழுப்பது மாதிரி இருந்தது. சுறா தொபியாசைப் பிடித்துவிட்டது, இப்போது என்னையும் இழுக்கப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது. கை திறந்துகொண்டது. கயிறு ஓடிப்போனது. அவர் தோணியின் பலகையில் குப்புறப் படுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் குதித்துத் தொபியாசை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அடியில் போனது ஒரு பெரிய திருக்கை மீன்தான் என்று தோணியில் இருந்தவர்கள் சொன்னார்கள். திருக்கை தன்பாட்டுக்கு வந்து, தன்பாட்டுக்குப் போய்விட்டது.

ஊர் அவரை அடிக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் தங்கை ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தட்டைப் பார்க்கவே கஸ்பாருக்குப் பயமாக இருந்தது. சோற்றைத் தொடாமல் எழுந்து வீட்டைவிட்டு வந்தவர்தான். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆண்டவர் மன்னித்தார், சமாதானமாகப் போ என்று அவர் கை உயர்த்தி ஆசீர்வதித்தார். கஸ்பார் போனார். சமாதானம் அவரோடு வரவில்லை.

மடத்துக் கோவிலில் பூசை நடக்கும்போது அவர் கடைசியில், கதவை ஒட்டி நிற்பார். நற்கருணை அப்பத்தை, நன்மையை வாங்க எல்லோரும் முன்னால் போகும்போது வெளியே போய்விடுவார்.

மழைக்காலம் ஒன்று கழிந்த பிறகு, ஒருநாள் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாமிக்கு முன்னால் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி."

"கேளும்."

"ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பங்குச் சாமியார் சொன்னாரே."

"சொன்னாரு. காது கேட்டுச்சு. ஆனா கண்ணை மூடினா அந்தக் கறுப்பு அடியில நகருது சாமி. ஒருநாள் அது மேல வந்து என் கணக்கைக் கேக்கும்னு தோணுது. மன்னிச்சாச்சுன்னா ஏன் எனக்கு இப்படிப் பயமா இருக்கு?"

கஸ்பார் வெட்டி வந்த விறகில் ஒன்றைச் சாமி எடுத்துப் பார்த்துவிட்டு, "உடைமரமா? புகையும். கொல்லாங்கம்பு பாரும்," என்றார்.

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சாமிக்கே சொல்லத் தெரியவில்லை, தனக்கு மன்னிப்பு இல்லை என்று அன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. அடியில் சேறுதான் மிச்சம். வாளி போட்டால் சகதி வந்தது. தூர் எடுத்தால் ஊற்றுக் கண் திறக்கும் என்று எஸ்தாக்கி சொன்னார். சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"நான் இறங்குறேன்," என்றார்.

"நான் இறங்குறேன் சாமி. நீங்க ஏன்?" என்றார் எஸ்தாக்கி.

"உள்ள இடம் குறுகல். நீ தடியன். நீ வாளியை இழுத்துச் சேத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்துல கொட்டு."

கல் கட்டிய பழைய கிணறு. உள்ளே கால் வைத்து இறங்கக் கற்களுக்கு இடையில் பொந்துகள் விட்டிருந்தார்கள். பாசி பிடித்துக் கிடந்தன. அதனால் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, உருளை வழியாக மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாமி கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டினார். மறுமுனையை எடுத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற கஸ்பாரிடம் நடந்துபோனார்.

"பிடியும்."

கஸ்பார் பின்னால் நகர்ந்தார். சுவர் முதுகில் முட்டியது.

"வேண்டாம் சாமி."

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீரே."

"அதுக்கும் இதுக்கும்..."

"பிடியும், கஸ்பார்."

எஸ்தாக்கி ஓடி வந்தார். "சாமி, இவருகிட்டயா? இவரு யாருன்னு தெரிஞ்சுமா? நான் பிடிக்கிறேன். சேத்தைப் பிறகு பாத்துக்கலாம்."

"நீ வாளியைப் பாரு," என்றார் சாமி.

சாமி கஸ்பாரைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்து, கயிற்றை உருளை மேல் போட்டு மறுமுனையை அவர் கையில் கொடுத்தார். பனைநார்க் கயிறு. அதன் சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டதும் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். கால் தொடையில் நடுக்கம் தொடங்கியது. சாமி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை இருட்டில் மறைந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் நழுவி உள்ளே போனது.

கீழேயிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்தது. எஸ்தாக்கி இன்னொரு கயிற்றில் வாளியை இழுத்தார், தோட்டத்துக்குக் கொண்டுபோனார், திரும்பி வந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் கஸ்பாரின் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கஸ்பார் வியர்வையில் நனைந்திருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. மாதாவிடம் வேண்டும் மங்கள வார்த்தை மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவார், பாதியில் மறந்துபோகும், முதலிலிருந்து தொடங்குவார்.

வெயில் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அவருக்குள் சின்னதாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. முடியும் போலிருக்கிறதே என்று நினைத்தார்.

எஸ்தாக்கி வாளியோடு தோட்டத்துப் பக்கம் போயிருந்தார். சாமி இளைப்பாற மேலே ஏறத் தொடங்கினார். பாதி ஏறியிருப்பார். கிணற்றுக்குள் ஒரு கல் பெயர்ந்தது. அதன் பின்னால் மணல் சரிந்தது. புஸ்ஸென்று ஒரு பெரிய மூச்சு விட்டது போல் சத்தம் மேலே வந்தது. கஸ்பார் எட்டிப் பார்த்தார். அடியில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. கயிறு பலமாகச் சுண்டியது.

கை திறந்துகொண்டது.

உருளை கிறீச்சிட்டுச் சுழன்றது. கயிறு முழுதும் உள்ளே போனது. கீழே தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

கஸ்பார் தன் கைகளைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. வலிக்கவில்லை. பிறகு திரும்பி ஓடினார். வேலியைத் தாண்டி, கொல்லாமரங்களைத் தாண்டி, தேரி மேட்டில் ஏறி ஓடினார். மணல் காலைச் சுட்டது. பின்னால் எஸ்தாக்கியின் குரல் கேட்டது. சாமி, சாமி என்று கத்திக்கொண்டிருந்தார். கஸ்பாரை அவர் கூப்பிடவில்லை.

மேட்டின் உச்சியில் ஒற்றைப் பனை நின்றது. அதற்கு அப்பால் ஓட அவரால் முடியவில்லை. நிழலில் விழுந்து கிடந்தார்.

அங்கிருந்து மடம் சிறியதாகத் தெரிந்தது. கிணற்றடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. உச்சி வேளைக்குச் சாமி தன் கையாலேயே கோவில் மணி அடிப்பார். எத்தனை காய்ச்சல் என்றாலும் எழுந்து வந்து அடிப்பார். கஸ்பார் மணிக்காகக் காத்திருந்தார். நிழல் பனையின் அடியில் சுருங்கியது. மறுபக்கம் நீளத் தொடங்கியது. மணி அடிக்கவில்லை.

சாமி செத்துப்போனார் என்று அவருக்குப் புரிந்தது.

அழுகை வரவில்லை. பயம் மட்டும் வந்தது. கடலில் ஒருவன், கிணற்றில் ஒருவர். இனி எந்தக் கோவிலில் போய் முழங்காலில் நிற்பது? எந்த முகத்தோடு சாவது? செத்தால் எங்கே போவது? இப்போதே எழுந்து மேற்கே நடந்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுந்திருக்க நினைத்தார். கால் எழவில்லை. ஆண்டவரே என்று கூப்பிட நினைத்தார். கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார் என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அப்போது மேட்டின் சரிவில் ஒரு உருவம் தெரிந்தது.

தலை முதல் கால் வரை கறுப்பாக இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஏறி வந்தது. கானல் அதை ஆட்டியது. முகம் தெரியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கயிறு மணலில் இழுபட்டு வந்தது.

தொபியாஸ் என்று நினைத்தார் கஸ்பார். கடலுக்குள் இருந்து எழுந்து வந்துவிட்டான். கணக்குக் கேட்க வந்துவிட்டான். பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை அதன் மேல் அழுத்தினார்.

உருவம் நெருங்கி வந்து நின்றது. அதற்கு மூச்சு வாங்கியது.

"கஸ்பார்," என்றது.

கஸ்பார் திரும்பவில்லை.

"நாந்தான் வே. பயப்படாதேயும்."

ததேயு சாமி. உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பின்னால் எஸ்தாக்கி கையில் ஒரு தடியோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"கேக்க மாட்டேங்கிறாரு," என்றார் எஸ்தாக்கி, யாரிடம் என்றில்லாமல். "வாளிக் கயித்தைப் போட்டு மேல தூக்கினேன். வைத்தியரைக் கூட்டிட்டு வாரேன்னேன். உக்காருங்கன்னேன். இடுப்புக் கயித்தைக்கூட அவிழ்க்க விடல. கஸ்பார் எந்தப் பக்கம் போனாருன்னு கேட்டுட்டு நடக்க ஆரம்பிச்சிட்டாரு." அவர் கஸ்பாரைப் பார்த்தார். "சேத்துல விழுந்ததால உயிர் தப்பிச்சுது. கல்லுல விழுந்திருந்தா?"

கஸ்பார் பனையை விட்டுத் திரும்பினார்.

"விட்டுட்டேன் சாமி. திரும்பவும் விட்டுட்டேன்."

"தெரியும். என் தலை மேலதானே வந்து விழுந்துச்சு கயிறு."

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல. தண்ணி இல்ல. தூர் எடுக்கணும். அதுக்குத்தான்."

சாமி மெதுவாக மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கஸ்பார் அந்தக் காலைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குப் பதில் கிடைச்சிட்டுது சாமி. ஆண்டவர் மன்னிக்கல. மன்னிச்சிருந்தா இன்னைக்கு என் கை பிடிச்சிருக்கும்."

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே," என்றார் சாமி.

கஸ்பார் காத்திருந்தார். காற்றில் பனையோலை சலசலத்தது. சாமி கையை நீட்டினார்.

"எழுப்பி விடும். இறங்குறதுதான் கஷ்டம்."

எஸ்தாக்கி முன்னால் வந்தார். சாமி அவரைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. கை கஸ்பாரை நோக்கியே நீண்டிருந்தது.

கஸ்பார் தன் உரிந்த கைகளை வேட்டியில் துடைத்தார். சாமியைத் தூக்கி நிறுத்தினார். சாமி தன் பாரத்தையெல்லாம் அவர் தோளில் போட்டுச் சாய்ந்துகொண்டார். மணல் சரிவில் இருவரும் இறங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கஸ்பாருக்கு உயிர் போய் வந்தது. எங்கே தடுக்கி இவரைக் கீழே தள்ளிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். தள்ளிவிடவில்லை.

கால் வீக்கம் வடிய நாளானது. அதுவரை எல்லோருக்கும் ஊருணித் தண்ணீர்தான். கஸ்பார்தான் சுமந்தார். எஸ்தாக்கி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் குடத்தை இறக்கி வைக்க உதவியபோது மட்டும் சொன்னார்.

"உம்ம பக்கத்துல நிக்கவே எனக்குப் பயமா இருக்கு வே."

"எனக்கும்தான்," என்றார் கஸ்பார்.

ஒரு காலையில் சாமி மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். நடையில் இன்னும் ஒரு சாய்வு இருந்தது. கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டினார். மறுமுனையைக் கஸ்பாரிடம் நீட்டினார்.

"சாமி," என்றார் எஸ்தாக்கி.

"வாளியைப் பாரு," என்றார் சாமி.

எஸ்தாக்கி தலையில் கை வைத்துக்கொண்டு விலகிப்போனார்.

கஸ்பார் கயிற்றை வாங்கினார். உள்ளங்கையில் புதுத் தோல் வளர்ந்து மெல்லியதாக இருந்தது. இந்த முறை கால் நடுங்காது என்று நினைத்திருந்தார். முன்னைவிட அதிகமாக நடுங்கியது. கயிற்றை முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். அப்படியும் போதவில்லை என்று பட்டது.

சாமி கைப்பிடிச் சுவரில் ஏறி, ஒரு காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமி."

"சொல்லும்."

"இந்தத் தடவையும் விட்டுட்டேன்னா?"

சாமி கால் வைக்கும் பொந்தைப் பாதத்தால் தடவித் தேடினார். கண்டுபிடித்தார். பாரத்தை அதன் மேல் இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மேல வந்து உம்மைத்தான் தேடுவேன். ரொம்ப தூரம் ஓடிராதேயும். கால் இன்னும் வலிக்குது."